மூன்று நூல்

லெட்டர்கென்னி மருத்துவமனை தந்த தாளில்
மலாக்கி டெவனி 187 சென்டிமீட்டர்.
என் வண்டி பாலம் தாண்டியதும் அதே ஆள்
ஆறடி, ஒரு அங்குலம், ஐந்து நூல்.

எங்கள் எல்லையில் வேலி கிடையாது.
லிஃபர்ட் கரையில் 50 என்றொரு பலகை,
ஸ்ட்ராபேன் கரையில் 30 என்றொரு பலகை,
நடுவில் எதையும் அளக்காத ஆறு.
பெடலில் என் கால் அசையவே இல்லை.
எண் மட்டும் சட்டை மாற்றிக்கொண்டது.

அந்தக் கரைப் பலகைகளில் பாதியை மாட்டியவன்
இப்போது எனக்குப் பின்னால் படுத்திருக்கிறான்.
மைல் போய்க் கிலோமீட்டர் வந்த சனவரியில்
கவுன்சில் லாரியில், ஆலங்கட்டி மழையில்,
ராஃபோ சாலை நெடுக
அறுபதைக் கழற்றி எண்பதை மாட்டினான்.
எண் ஏறியது, வேகம் இறங்கியது.
"என் சம்பளம் மாதிரியே" என்றானாம்
மறுநாள் மதுக்கடையில்.
அங்கே பைண்ட் பைண்டாகவே இருந்தது.
அதில் கைவைக்க
இரண்டு அரசுக்கும் துணிச்சல் இல்லை.

வேலை அந்தக் கரை, வீடு இந்தக் கரை.
பெட்ரோல் அங்கே லிட்டரில் போட்டு
இங்கே கேலனுக்கு எத்தனை மைல் என்று கணக்குப் பார்ப்பான்.
மகள் பிறந்தபோது ஏழு பவுண்டு நாலு அவுன்ஸ்,
அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது முப்பத்தொன்பது டிகிரி.
இதில் குழப்பம் என்ன என்பான்.
சந்தோஷத்துக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று.

பெட்டிக்காக யூனனுக்குப் போன் செய்தேன்.
"187."
"மனுசக் கணக்கில் சொல்லம்மா."
சொன்னேன்.
சமையலறையிலிருந்து டிம்ப்னா வந்தாள்,
கையில் ஈரத் துணி.
"இல்லை. அவர் ஆறடி ரெண்டு.
பெண் கேட்டு வந்த அன்றே என் அப்பாவிடம் சொன்னார்."

அன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு
நானே ஒருமுறை அளந்தேன்.
என் டேப்புக்கு இரண்டு ஓரம்,
இரண்டும் ஒரே உண்மையைச் சொல்லின.
செத்தபின் ஆட்கள் கொஞ்சம் நீளுவார்கள், இது தொழிலில் கண்டது.
அப்படியும் எட்டவில்லை மலாக்கிக்கு.
மூன்று நூல் குறைவு.
நாற்பத்தோரு வருடம்
மூன்று நூல் பொய்யை நெட்டி நிமிர்த்தி
நடந்திருக்கிறான் அந்த மனிதன்.

மீட்டர் பூமியை அளந்து பிறந்ததாம்,
பள்ளியில் படித்தது.
அடி யாரோ ஒருவனின் அடியிலிருந்து.
பூமிக்கு யாரிடமும் பெண் கேட்க வேண்டியதில்லை.

யூனனுக்கு மறுபடி போன் செய்தேன்.
ஆறடி ரெண்டாகவே அறு.

மூடுவதற்கு முன் டிம்ப்னா ஜாம் பாட்டில் ஒன்று கொண்டுவந்தாள்.
பழைய மைல் பலகைகளின் போல்ட்டுகள்,
புது ஸ்பேனர் எதுவும் பிடிக்காதவை.
எறிய மனமில்லாமல் வைத்திருந்திருக்கிறான்.
துருப்பிடித்த ஒன்றை எடுத்து
அவன் பாதத்துக்கும் பலகைக்கும் நடுவே வைத்தாள்.
மூன்று நூல் போல்ட்.
கச்சிதமாய் உட்கார்ந்தது என்று எழுத ஆசைதான்.
உட்காரவில்லை. உருண்டு ஓரம் போனது.
அவள் விட்டுவிட்டாள்.

ஆறு பேர் தோள் கொடுத்தார்கள்,
மூவர் அந்தக் கரை, மூவர் இந்தக் கரை.
தேவாலயப் படியில் பெட்டி சற்றே சாய,
உள்ளே சின்னதாய் ஒரு சத்தம்,
இரும்பு மரத்தில் தட்டி ஓடும் சத்தம்.

ஆறு பேருக்கும் கேட்டது.
யாரும் கேட்கவில்லை.